மூத்தவருக்குப் போர்த்திய அங்கி

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது. காத்தாடி நாலும் முழு வேகத்துல கத்துது."

"உடம்பு சுடுதா?"

"கை வைக்க முடியல."

"தீனி எடுக்குதா?"

"எடுக்குது. ஆனா முழுங்க மாட்டேங்குது. ரெண்டு நிமிஷம் வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு நிக்குது. அப்புறம்தான் உள்ள போகுது. சில சமயம் போகவே மாட்டேங்குது."

"மேல ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"அங்கி. வெல்வெட்டு. உள்ள ஒட்டக ரோமம் வச்சுத் தச்சது."

"ஜூன் மாசத்துலயா?"

"ஜூன் மாசத்துலதான்."

தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவன் ஏர்கின். அவன் பின்னால் எங்கோ ஓர் ஆடு கத்தியது.

"ஐசு, நான் படிச்ச அஞ்சு வருஷப் படிப்புல இது முதல் வாரத்துப் பாடம். அந்தப் போர்வைய எடுத்துடு. தானா சரியாயிடும்."

"எடுக்க முடியாது. தலைவர் போர்த்தினது."

"இங்கயும்தான் பந்தயத்துல ஜெயிச்ச குதிரைக்குப் பெரிய மனுஷங்க போர்த்துவாங்க. போட்டோ எடுத்து முடிச்சு அவங்க காரு கிளம்பினதும் நாங்க உருவிடுவோம்."

"இது குதிரை இல்ல, ஏர்கின். சர்வர்."

"தெரியுது. குதிரையா இருந்தா இந்நேரம் உதைச்சிருக்கும்."

ஏர்கின் கால்நடை மருத்துவன். நாரின் மலைப்பக்கம், ஆட்பாஷியில் குதிரைகளுக்கும் ஆடுகளுக்கும் வைத்தியம் பார்க்கிறான். ஐசுலு அவன் மனைவி. தலைநகர் பிஷ்கெக்கில் எங்கள் தேசிய ஆவணப் பெட்டகத்தில் சேமிப்புப் பிரிவுப் பொறியாளர். ஜனவரியில் கல்யாணம். அதற்குப் பிறகு இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். இரண்டு கட்டைவிரல்களும் மிச்சப்படும்.

பத்து நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்த அந்தத் தொலைபேசிப் பேச்சை ஐசுலு பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள். குறிப்பாக, அதே நோயைக் கண்டுபிடிப்பதற்காக அமைக்கப்பட்ட ஆணையத்தின் பதினோரு கூட்டங்களில் உட்கார்ந்திருந்தபோது.

எங்கள் பெட்டகத்தில் நாற்பது சர்வர்கள் இருக்கின்றன. நாட்டில் யார் பிறந்தார்கள், யார் யாரை மணந்தார்கள், எந்த மேய்ச்சல் நிலம் யாருடையது என்பதெல்லாம் அவற்றில்தான் கிடக்கிறது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் மூன்று பிரதிகள், மூன்று வெவ்வேறு சர்வர்களில். ஒன்று படுத்துக்கொண்டால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். "கூட்டுக் குடும்பம் மாதிரி" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஐசுலுவிடம் சொன்னார்கள். அவள் அதை உவமை என்று நினைத்துக்கொண்டாள்.

அது விதிமுறை. எங்கள் வீடுகளில் வயதில் மூத்தவர் வாசலுக்கு எதிர்க்கோடியில், சுவரோரம், மரியாதைக்குரிய இடத்தில் உட்காருவார். சின்னவர்கள் வாசலோரம். சர்வர் அறையிலும் அதே வரிசையைத்தான் வைத்திருந்தோம். பத்து வருடத்துக்கு முன்னால் வந்த முதலாம் எண் சர்வர் கோடிச் சுவரோரம். போன வருடம் வந்தவை வாசலோரம். குளிர்சாதனம் வாசலுக்கு மேலே இருந்தது. ஆகவே இளையவர்கள் சுகமாகவும் பெரியவர்கள் கௌரவமாகவும் இருந்தார்கள்.

முதலாம் எண் சர்வரை எங்கள் அலுவலகத்தில் யாரும் எண் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மூத்தவர் என்போம். யார் எந்த ஆவணத்தைக் கேட்டாலும் மூத்தவரிடம் பிரதி இருந்தால் அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்; அவர் பேசி முடிக்கும்வரை மற்ற இருவரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லக்கூடாது என்று அமைப்பிலேயே எழுதி வைத்திருந்தோம்.

ஏப்ரலில் மூத்தவருக்குப் பத்தாண்டு நிறைவு விழா. பெட்டகத்தின் தலைவர் இசாபெக் நேரில் வந்து, தங்கச் சரிகை போட்ட கருநீல அங்கியை மூத்தவரின் தோளில், அதாவது மேல்தட்டில், போர்த்தினார். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியும் வைத்தார். எல்லோரும் இரண்டு கைகளையும் ஏந்தி வாழ்த்துச் சொல்லி முகத்தில் ஒற்றிக்கொண்டோம். மறுநிமிடமே பாதுகாப்புப் பிரிவு அங்கிக்குச் சொத்து எண் கொடுத்து, ஓரத்தில் ஈயமுத்திரை வைத்தது.

அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு முதல் எச்சரிக்கை வந்தது.

அதைச் சொன்னது கெர்னல். சர்வருக்குள் அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு டிஸ்குகளையும் ஃபைல்களையும் மேய்க்கிற மென்பொருள் அது. படிப்பும் பழக்கவழக்கமும் இல்லாத ஜீவன். கண்டதைக் கண்டபடி சொல்லும். 'டிஸ்கில் எழுதப் போன பணி நூற்றிருபது நொடிகளாகியும் திரும்பவில்லை' என்று சொன்னது. பிறகு யார் யாரிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று முப்பது வரிக்குப் பட்டியல் போட்டது. சற்று நேரம் கழித்து மறுபடியும் சொன்னது.

கெர்னலுக்கு மேலே நாற்பது சர்வர்களையும் சேர்த்துக் கட்டி ஆளும் இன்னொரு மென்பொருள் இருக்கிறது. அதற்குப் பழக்கவழக்கம் தெரியும். வேலை தாமதமானாலும் முடிகிறதல்லவா, ஆகவே எல்லாம் நலம் என்று பச்சை விளக்குக் காட்டியது. தலைவரின் அறையில் பெரிய திரையில் தெரிவது அந்தப் பச்சை.

ஐசுலுவுக்கு இதில் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. நாரின் கிளை அலுவலகத்துக்கு அவளுக்கு மாற்றல் ஆணை வந்திருந்தது. கணவன் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். ஆனால், திறந்த எச்சரிக்கை உள்ள பிரிவிலிருந்து யாரும் மாறிப் போகக்கூடாது என்பது எங்கள் விதி. ஒரே ஒரு முழுநாள் எச்சரிக்கை இல்லாமல் கழிந்து, பதிவேட்டில் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தால் கையெழுத்து விழும். ஆகஸ்ட் முடியும்வரை நாரின் இடம் அவளுக்காகக் காத்திருக்கும். செப்டம்பர் ஒன்றாம் தேதி வேறு ஒருவருக்குப் போய்விடும்.

அவள் விழாவுக்கு மறுநாள் காலையிலேயே துணைத்தலைவர் தொக்தோசுனிடம் போனாள். எங்கள் வழக்கப்படி அவரை எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் பைகே என்று அழைப்போம். அங்கி போர்த்தும் யோசனை அவருடையது.

"பைகே, மூத்தவருக்குச் சூடு அதிகமாயிருக்கு. அங்கி காத்துத் துவாரத்தையெல்லாம் அடைச்சிருக்கு. அதை எடுத்துட்டா..."

"எதை?"

"அங்கிய."

தொக்தோசுன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பொண்ணே, நீ இந்த வீட்டுக்குப் புது மருமக மாதிரி. அதனால கோபப்படாம சொல்றேன். எச்சரிக்கைங்கறது பிழை இல்ல. பிழைன்னா நாம பொறுப்பு. எச்சரிக்கைன்னா, எச்சரிக்கை குடுத்தவன் பொறுப்பு. இப்ப யாரு குடுத்தது?"

"கெர்னல்."

"அப்ப அதைக் கேப்போம். தலைவர் பேரை ஏன் இழுக்கற?"

"நான் தலைவரை இழுக்கல. அங்கியத்தான்..."

"அங்கியை இழுத்தா தலைவரை இழுத்த மாதிரிதான். போர்த்தினவர்தான் கழற்றணும். அவர்கிட்ட போய்க் 'கழற்றுங்க'ன்னு யாரு சொல்றது? நீ சொல்வியா?"

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். 'கழற்றுங்க' என்ற அந்தச் சொல்லும் கூடவே வந்தது.

மே மாதம் ஆணையம் அமைந்தது. தொக்தோசுன் தலைமை. செயலாளர் ரோசா எஜே. ஐம்பத்தைந்து வயது, முத்திரைகள் அத்தனையும் அவர் கைப்பையில். எஜே என்றால் அக்கா. முதல் மூன்று கூட்டங்கள் 'எச்சரிக்கை' என்பதன் இலக்கணத்துக்குச் செலவாயின. பூர்சோக் பணியாரமும் தேநீரும் ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்ந்தன. எச்சரிக்கைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: கவலை தராதவை, கவலை தரக்கூடாதவை, கவலைப்பட அதிகாரம் பெற்றவர் கையெழுத்துக்குக் காத்திருப்பவை. மூத்தவருடையவை மூன்றாம் வகை.

நான்காம் கூட்டத்தில் தொக்தோசுன் மேசையைத் தட்டினார்.

"ஒரு ஊழியர் தப்பு பண்ணா என்ன கேப்போம்?"

"விளக்கக் கடிதம்" என்றார் ரோசா எஜே.

"அதையே கேளுங்க."

"யாருகிட்ட?"

"எச்சரிக்கை யாருடையதோ அவங்ககிட்ட. மூத்தவர்னு சலுகை கிடையாது. சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்னு தலைவர் சொல்லியிருக்கார்."

சர்வரால் எழுத முடியாது என்பதால் அதன் சார்பில் எழுதும் பொறுப்பு ஐசுலுவுக்கு வந்தது. அவள் உண்மையை எழுதினாள்: 'முதலாம் எண் சர்வராகிய நான், ஏப்ரல் முதல் ஜூன் வரை எச்சரிக்கைகள் தந்ததற்கான காரணம் பின்வருமாறு: எனக்குப் புழுங்குகிறது. மேலே ஒட்டக ரோமம், பின்னால் சுவர்.'

ரோசா எஜே அதை மூன்று குறைகளைச் சுட்டிக்காட்டித் திருப்பியனுப்பினார். கையெழுத்து இல்லை. தகப்பனார் பெயர் இல்லை. தொனி சரியில்லை.

இரண்டாவது கடிதத்தைத் தொக்தோசுனே சொல்லச் சொல்ல எழுத வைத்தார். 'எதிர்பாராத பருவநிலையாலும் என் சொந்தக் கவனக்குறைவாலும் இவ்வாறு நேர்ந்தது. இனி நிகழாது என உறுதி கூறுகிறேன்.' தகப்பனார் பெயர் என்ற இடத்தில் தயாரித்த நிறுவனத்தின் பெயரைப் போட்டார்கள்.

மறுநாள் முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள் வந்தன. எழுத்துபூர்வமான உறுதிமொழியை மீறியதற்காக மூத்தவருக்குக் கண்டன ஆணை பிறந்தது. சம்பந்தப்பட்டவரின் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்பது விதி. ரோசா எஜே அதைச் சர்வரின் முகப்பில், காற்று உள்ளே போகிற சல்லடைக்கு நேராக ஒட்டினார். சூடு இன்னும் நான்கு டிகிரி ஏறியது.

இதற்கிடையில் வெளியே ஜனங்களுக்கு எல்லாமே தாமதமானது. நகரத் திருமணப் பதிவகத்தில், சம்மதம் என்று சொன்ன பிறகு சான்றிதழ் அச்சாக நாற்பது நிமிடம் பிடித்தது. ஜூலை முதல் சனிக்கிழமை ஒரு மணப்பெண் அந்த நாற்பது நிமிடத்தில் யோசித்துப் பார்த்து, பூச்செண்டை நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இதை ஆணையத்தின் அரையாண்டு அறிக்கை 'அவசரத் திருமணங்களைக் குறைப்பதில் பெட்டகத்தின் பங்களிப்பு' என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டது.

"நம்மளுது எவ்வளவு நேரத்துல வந்துச்சு?" என்று ஏர்கின் தொலைபேசியில் கேட்டான்.

"மூணு நிமிஷம். ஜனவரி. அப்ப மூத்தவர் சட்டை இல்லாம இருந்தாரு."

"நல்லவேளை. நாப்பது நிமிஷம் குடுத்திருந்தா நீயும் யோசிச்சிருப்ப."

"நான் அந்த மூணு நிமிஷத்துலயே யோசிச்சேன்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள வந்துடுச்சு, என்ன பண்றது."

அவன் சிரித்தான். வீட்டு ஜன்னல் சட்டத்துக்கு என்ன நிறம் அடிக்கட்டும் என்று கேட்டான். நீலம் என்றாள். எந்த நீலம் என்று கேட்டான். வந்து காட்டுகிறேன் என்றாள். எப்போது என்று அவன் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவள் சர்வர் அறைக்குள் போய், மூத்தவரின் அங்கி ஓரத்தை ஒரு பேனாவால் ஓர் அங்குலம் தூக்கி, பேனாவை அப்படியே முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். காலை பதினொன்றிலிருந்து பதினொன்று நாற்பது வரை ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. பதினொன்று நாற்பத்தொன்றுக்குப் பாதுகாப்புப் பிரிவு வந்து பேனாவைக் கைப்பற்றியது.

அன்றைய கூட்டத்தில் தொக்தோசுன் எழுந்தபோது அவர் குரல் கரகரத்தது.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு காட்சியை நான் பாத்ததில்ல. ஒரு சின்னப் பொண்ணு, ஒரு பெரியவரோட ஆடைய விலக்கிப் பாத்திருக்கா. அதுவும் பால்பாயிண்ட் பேனாவால."

"பைகே, அந்த நாப்பது நிமிஷம் எச்சரிக்கை வரல. பதிவேட்டுல பாருங்க" என்றாள் ஐசுலு.

"பாத்தேன். அந்த நாப்பது நிமிஷம் நாங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்?"

"கூட்டத்துல இருந்தீங்க."

தொக்தோசுன் ரோசா எஜேயைப் பார்த்தார். ரோசா எஜே எழுதிக்கொண்டார்: 'ஆணையம் கூடியிருக்கும் வேளையில் எச்சரிக்கைகள் நின்றுபோவது நிரூபணமாகியுள்ளது. ஆகவே இனி வாரம் இருமுறை கூடும்.'

 ஐசுலு அங்கேயே இன்னொரு வழியைச் சொன்னாள். அங்கி இருந்துவிட்டுப் போகட்டும். மூத்தவரைக் கூட்டமைப்பிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். அவரிடம் உள்ள எல்லாவற்றுக்கும் இன்னும் இரண்டு பிரதிகள் மற்றவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் தங்களுக்குள் மூன்றாவது பிரதியை எழுதிக்கொள்வார்கள். இந்த அமைப்பை உருவாக்கியதே அதற்குத்தான். ஒரு கட்டளை, ஒரு வரி.

அறையில் யாரும் பணியாரத்தை மெல்லவில்லை.

"வெளிய அனுப்பறதா?" என்றார் ரோசா எஜே மெதுவாக.

"ஆமா எஜே. கொஞ்ச நாளைக்கு."

"உங்க வீட்டுல பெரியவங்களுக்கு உடம்பு முடியலைன்னா வெளிய அனுப்பிடுவீங்களாம்மா? உன் மாமியாருக்குத் தெரியுமா இது?"

குறிப்பேட்டில் இது பதியப்படவில்லை. அவளுடைய எதிர்காலத்தைக் கருதி விட்டுவிட்டதாக ரோசா எஜே பிறகு நடைபாதையில் சொல்லி, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். கெட்ட மனுஷி இல்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி தொக்தோசுனுக்கு யாரோ ஒரு ரகசியம் சொன்னார்கள். கெர்னலில் ஓர் எண் இருக்கிறது. எத்தனை முறை எச்சரிக்கை சொல்லலாம் என்ற கணக்கு. அதைப் பத்து என்று வைத்தால், பத்து முறை சொல்லிவிட்டு அதற்கு மேல் எது நடந்தாலும் கெர்னல் வாயைத் திறக்காது. நாங்கள் வேலை பார்த்த இத்தனை வருடத்தில், ஒரு மென்பொருள் எங்கள் அலுவலகத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதை அன்றுதான் பார்த்தோம்.

எண் மாற்றப்பட்டது. அன்று மதியத்துக்குள் கெர்னல் பத்து முறை சொல்லி முடித்தது. பிறகு அமைதி. அதற்கு அடுத்த நாளின் பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தொக்தோசுன் ஆடு வெட்டி விருந்து வைத்தார். விருந்தில் அவர் பேசினார்: "நோய் எங்கேன்னு நாலு மாசமா தேடினோம். கடைசியில பாத்தா, நோய் சொல்றதுலதான் இருந்திருக்கு."

எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

விருந்து முடியும் முன்பே ரோசா எஜே ஐசுலுவின் மேசைக்கு வந்தார். கையில் மாற்றல் தாள். முத்திரை ஏற்கெனவே குத்தியிருந்தது.

"சுத்தமான பக்கம் வந்துடுச்சும்மா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்க. நாளைக்குக் காலை வண்டியிலயே கிளம்பிடு. புருஷன் பாவம்."

ஐசுலு பேனாவைக் கையில் எடுத்தாள். தாளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிறகு, ஏனென்று அவளுக்கே தெரியாமல், மூத்தவரின் டிஸ்குகளைத் தன் கணினியிலிருந்து ஒருமுறை சோதித்துப் பார்த்தாள். எழுதப் போன வேலைகள் இப்போது இரண்டு நிமிடம் இல்லை, ஒன்பது நிமிடம் நின்றன. ஒரு டிஸ்க் படிக்கும்போதே தடுமாறியது. மேலே பச்சை விளக்கு. கீழே ஒரு வார்த்தை இல்லை.

அவள் ஏர்கினை அழைத்தாள்.

"பேப்பர் கைல இருக்கு" என்றாள்.

அவன் ஏதோ கத்தினான். பக்கத்தில் யாரிடமோ சொன்னான். யாரோ சீட்டியடித்தார்கள்.

"ஏர்கின், அவரு சத்தம் போடறத நிறுத்திட்டாரு. ஆனா உடம்பு இன்னும் மோசமாயிருக்கு."

அந்தப் பக்கச் சத்தம் அடங்கியது. அவன் தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும்.

"கத்தற மிருகத்தைப் பாத்து நான் பயப்படறதில்ல, ஐசு. கத்தறத நிறுத்தினதுக்குத்தான் ஓடுவேன்." கொஞ்சம் பொறுத்து, "அவருகிட்ட என்னல்லாம் இருக்கு?" என்றான்.

"எல்லாரோடதும். ஜனவரி மாசக் கல்யாணம் அத்தனையும் இருக்கு. நம்மளதும்."

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்ல."

"அப்ப போய் அவர் வாயைத் தொறந்து விடு" என்றான். பிறகு சாதாரணமாக, "பெயிண்ட் காயாம இருக்க மூடி வைக்கறேன்" என்றான்.

அவள் அந்த எண்ணைப் பழையபடி மாற்றினாள். ஒரு மணி நேரத்தில் இருநூற்று ஆறு எச்சரிக்கைகள். மாற்றல் தாள் ரோசா எஜேயின் கைப்பைக்குத் திரும்பியது. புகார்களை ஊக்குவித்தாள் என்று ஐசுலுவின் மேல் ஒரு கண்டன ஆணை வந்தது. அவளுக்கு முகப்புச் சல்லடை இல்லாததால் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது, தலைவர் இசாபெக்கின் அறுபதாவது பிறந்தநாள். பிஷ்கெக்கில் அன்றைக்கு வெயில் முப்பத்தொன்பது. தெருமுனையில் மக்சிம் என்கிற தானியப் பானம் விற்கிற அம்மாளே தன் பீப்பாயை மூடிவிட்டு நிழலுக்குப் போய்விட்டாள். தலைவர் தன் கையால் அங்கி போர்த்திய மூத்தவரின் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தொக்தோசுனின் ஏற்பாடு. விழாவே சர்வர் அறையில்தான். அறுபது பேர் உள்ளே நுழைந்தோம். வாசலோரம் நின்ற எங்களுக்குக் குளிர் தலையில் இறங்கியது. கோடியில், மரியாதைக்குரிய இடத்தில், தலைவரும் மூத்தவரும் அருகருகே நின்றார்கள். விழா நடக்கும்போது மூத்தவர் கத்தினால் காத்தாடியை அடக்குவதற்காக ஐசுலுவை அவர்களுக்கு நடுவில் நிறுத்தியிருந்தார்கள்.

நிதிப் பிரிவு தலைவருக்கு ஓர் அங்கி போர்த்தியது. பாதுகாப்புப் பிரிவு அதற்கு மேல் ஓர் அங்கி போர்த்தியது. தொக்தோசுன் அதற்கும் மேல், ஓநாய்த்தோல் வைத்துத் தைத்த அங்கி ஒன்றைப் போர்த்தி, தொப்பியும் வைத்தார். பிறகு வாழ்த்துரையைப் பிரித்தார்.

"மலைகள் நிமிர்ந்து நிற்பது ஏன்?" என்று தொடங்கினார்.

தலைவரின் முகம் முதலில் சிவந்தது. பிறகு பளபளத்தது. மூன்றாம் பக்கத்தில் அவர் தாடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மூத்தவரின் பின்புறத்திலிருந்து வந்த அனல் சுவரில் பட்டு அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் நல்ல உயரமான, கம்பீரமான மனிதர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குள்ளமானார்.

அவர் தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தார்.

"மகளே."

"சொல்லுங்க ஐயா" என்று ஐசுலுவும் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"எத்தனை பக்கம்?"

"பதினாலு. இப்ப நாலாவது."

"இங்க மட்டும் ஏன் இப்படிக் கொதிக்குது?"

"இங்க எப்பவுமே இப்படித்தான் ஐயா."

ஐந்தாம் பக்கத்தில் தொக்தோசுன், தலைவரின் ஆடையிலும் ஓர் அடக்கம் இருக்கும் என்றார். தலைவரின் கை அங்கியின் முடிச்சுக்குப் போனது. பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் அதைப் பார்த்தார். கை கீழே இறங்கியது.

"கழற்ற முடியல" என்றார் தலைவர், குழந்தை மாதிரி. "போர்த்தினவங்க எதிர்லயே நிக்கறாங்க. வருத்தப்படுவாங்க. எனக்கு மூச்சு முட்டுதும்மா. யாராவது எடுத்துவிடுங்களேன். நானா கேக்க முடியாது."

ஐசுலு அவரைப் பார்த்தாள். மூத்தவரைப் பார்த்தாள். ஒருவர் கருநீலத்தில், ஒருவர் ஓநாய்த்தோலில். இருவருக்கும் மூச்சிரைத்தது. எதிரே கதவோரம் ரோசா எஜே கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றார். அதற்குள் இன்னும் இரண்டு நாள் உயிருள்ள ஒரு தாள் இருந்தது.

"இந்தப் பெட்டகம் ஒரு குடும்பம் என்றால்..." என்று தொக்தோசுன் ஆறாம் பக்கத்தைத் திருப்பினார்.

"கழற்றலாம் ஐயா."

அவள் அதை உதட்டசைவில் சொல்லவில்லை. அறுபது பேருக்கும் கேட்டது. தொக்தோசுனின் விரல் தாளின் நடுவில் நின்றது.

"யாரும் வருத்தப்பட மாட்டாங்க. ஆனா உங்களுக்கு முன்னால இங்க ஒருத்தர் போர்த்திக்கிட்டு நிக்கறார். அவருக்குப் போர்த்தினது நீங்க. நீங்க எடுத்தாத்தான் எடுக்கலாமாம், வேற யாரும் தொடக்கூடாதாம். ஏப்ரல்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கார், ஒரு நாளைக்கு முந்நூறு தடவை."

"பொண்ணே!" என்றார் தொக்தோசுன்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தலைவரின் வேர்த்த முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"முதல்ல அவரோட அங்கியைக் கழற்றுங்க ஐயா. நான் எங்க வீட்டுக்குப் போகணும்."